மஞ்சள் துணி கட்டிய மரம்

ஒரு களைமரத்தைக் கும்பிட்டு அகப்பட்டவன் எழுதும் கடிதம் இது. களைமரம் என்று நான் சொல்லவில்லை. இருபது பேருக்கு முன்னால், கிளையைக் கையில் பிடித்தபடி, வழிகாட்டிதான் அப்படிச் சொன்னான். காட்டுக்குள் மரம் காட்டிக் கூட்டிப்போவார்கள், இந்த இலையுதிர் காலத்து முதல் நடை அன்றுதான். இலையைக் கசக்கி மணந்து பாருங்கள் என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். ஒரு கிழவர் பழுதாய்ப்போன கச்சான் கடலை மணம் என்றார். ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு இலையைக் கீழே போட்டாள். நான் இலையை இரண்டு கண்களிலும் ஒற்றி, கையைக் கூப்பி, மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது. கண்ணைத் திறந்தால் இருபது பேரும் மரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற மகள் பல்லைக் கடித்துக்கொண்டு "பப்பா!" என்றாள். வெட்கம் வரும்போது அவளுக்கு நான் அப்பா இல்லை, பப்பா. கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் குளிருக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

நீர் பக்கத்தில் நின்றிருந்தால் நீரும் கும்பிட்டிருப்பீர். இரண்டு பேர் கும்பிட்டால் அது ஏதோ ஒரு நாட்டு வழக்கம் என்று விட்டுவிடுவார்கள். ஒருவன் தனியாகக் கும்பிட்டால் விசர் என்றுதான் நினைப்பார்கள். அன்றைக்கு அந்த மணம் மூக்கில் ஏறியதிலிருந்து நீர் என்னோடேயே நடக்கிறீர். அதுதான் எழுத உட்கார்ந்தேன். என் எழுத்து உமக்குத் தெரியும். குசினிச் சுவரில் சாமான் பட்டியல் எழுதி ஒட்டியபோதே நீர் பிழை பிடித்தவர். இதிலும் பிடியும்.

2009ஆம் ஆண்டு, ஊரில் யுத்தம் முடிந்த வருடத்து இலையுதிர் காலம். நீரும் நானும் ஒரே பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் நின்றோம். நீர் கோப்பை கழுவினீர், நான் மரக்கறி வெட்டினேன். இரண்டு பேரும் நகரத்துக்கு வெளியே சார்செலில் இருந்தோம், ஒரே ரயிலில் போய் வந்தோம். அந்த வருடம் சித்திரை மாதம் தொலைபேசியில் இரண்டு நிமிடம் கதைத்த உம்முடைய தம்பியிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இருக்கிறானா, எந்த முகாமில் இருக்கிறான், ஒன்றும் தெரியாது. அப்போது எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் யாரைக் கண்டாலும் முதல் கேள்வி அதுதான். மீன் கடையில் கேட்பார்கள், முடிவெட்டும் கடையில் கேட்பார்கள். "அண்ணை, தம்பியின்ரை தகவல் ஏதும்?" அன்பாகத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் நீர் "இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தது. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினால் லாச்சப்பல் பக்கம் திரும்பாமல், சுற்றி வேறு தெருவால் வேலைக்கு வரத் தொடங்கினீர். பத்து நிமிடம் கூடுதல் நடை. நான் ஏன் என்று கேட்கவில்லை. நானும் சுற்றி நடந்தேன்.

அந்த நேரத்தில்தான் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடுதாசி கொண்டுவந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது. இருபது மரங்களின் இலைகளைச் சேர்த்து, காயவைத்து, கொப்பியில் ஒட்டி, பெயர் எழுத வேண்டும். அதற்காக ஒரு காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறார்கள், பெற்றோரும் வரலாம். சாதாரண காடு இல்லை. முன்பு ஆற்றோரம் மணல் அள்ளிய குழிகள் குளங்களாகி, சுற்றிலும் மரம் வளர்ந்த இடம். பறவைக்கும் செடிக்கும் என்று வேலி போட்டுக் காக்கிறார்கள். இயற்கை ஒதுக்கிடம் என்று பெயர். இருபது மரம்! எனக்குத் தென்னை, பனை, வேம்பு, மா, பலா தெரியும். ஐந்தும் அங்கே இல்லை. பத்தாம் வகுப்பை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவன் நான், அதிலும் விஞ்ஞானத்தில்தான் பெரிய கோட்டை. உம்மிடம் வந்து புலம்பினேன்.

நீர் தட்டுக் கழுவுவதை நிறுத்தாமல் கேட்டீர்.

"அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் வருவினமோ?"

"மழையுக்கை மரம் பாக்க எங்கடை ஆக்கள் ஆரப்பா வருவினம்?"

"அப்ப நான் வாறன்."

என்னுடைய மனைவி மட்டும் வாசலில் நின்று சொன்னாள், "இஞ்சேருங்கோ, காசு தந்தாலும் ஆரும் போகமாட்டினம். நீங்கள் ரெண்டு விசரரும் சும்மா போறியள். பிள்ளைக்குத் தொப்பி போட்டு விடுங்கோ."

அந்த முதல் நடைக்கு நான் போன கோலம் உமக்கு ஞாபகம் இருக்கும். அழைப்புக் கடுதாசி வந்ததல்லவா, ஏதோ விழா என்று நினைத்துவிட்டேன். மடிப்புக் கலையாத காற்சட்டை, மினுக்கிய தோல் சப்பாத்து, கையில் உளுந்து வடைப் பொட்டலம். அங்கே எல்லோரும் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. வழிகாட்டி ஒரு ஐம்பது வயதுப் பெண், நரைத்த பின்னல், கழுத்தில் பூதக்கண்ணாடி. என் சப்பாத்தை அவள் இரக்கத்தோடு பார்த்தாள். நீர் குசினிச் சப்பாத்தோடு வந்திருந்தீர், எண்ணெயிலும் வழுக்காத அந்தக் கறுப்புச் சப்பாத்து. அன்றைக்குச் சேற்றில் விழாமல் நடந்த பெரிய மனிதர் நீர் ஒருவர்தான். நான் இரண்டு தரம் விழுந்தேன். இரண்டாம் தரம் பிடிமானத்துக்குப் பற்றியது ஒரு சுணைச்செடி. கை நெருப்பாய் எரிந்தது. நீர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐசே, காஞ்சோண்டி! உதுக்கு ஆர் விசா குடுத்தது?" என்றீர்.

அந்த வருடம் நீர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம். கை எரிவு எனக்குக் குறைந்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு நான் மடைத்தனமாக இன்னொன்று செய்தேன். நிலம் முழுவதும் மினுங்கலாய்க் கிடந்த கபிலக் கொட்டைகளைக் கண்டு, குளிர்காலத்தில் சுட்டுத் தின்னக் கடையில் கிலோ இன்ன விலை விற்கிறார்களே என்று இரண்டு பையும் நிரப்பினேன். நீர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தீர். "இது நாங்கள் உரிக்கிற சாமான் இல்லை. அதுக்கு நுனியிலை ஒரு குடுமி இருக்கும். கோதும் முள்ளம்பன்றி மாதிரிக் கிடக்கும். இதைத் திண்டால் வயித்தாலை போகும்." மகள் போய் வழிகாட்டியிடம் கேட்டுவந்தாள். நீர் சொன்னது சரி. நத்தார் பண்டிகைக் காலத்தில் மூட்டை மூட்டையாய்க் கொட்டை உரித்த கை அல்லவா. வழிகாட்டி உம்மைத் தாவரவியல் படித்தவர் என்று நினைத்துவிட்டாள். நீரும் மறுக்கவில்லை, சும்மா தலையை ஆட்டினீர்.

இலைகளைக் காயவைக்கவும் நீர்தான் வழி சொன்னீர். பழைய விளம்பரத் தாள்களுக்குள் அடுக்கி, இருபது கிலோ அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தோம். ஒரு கிழமை எங்கள் வீட்டில் சோறு காய்ச்ச வேண்டுமென்றால் மனைவி காட்டுக்கு மேலிருந்துதான் அரிசி அள்ள வேண்டியிருந்தது.

இருபது இலை சேர்ந்த பிறகும் நாங்கள் நிற்கவில்லை. பிள்ளைக்காகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு அடுத்த நடைக்கும் போனோம். அன்றைக்குத்தான் நீர் அந்த மரத்தைக் கண்டீர். நுழைவாசலுக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டிய வேலி ஓரத்தில் நின்றது. நீளக் காம்பில் இரண்டு பக்கமும் வரிசையாய் இலை, பாதி பழுத்திருந்தது. நீர் நடந்துகொண்டிருந்த நடையை விட்டு நின்றுவிட்டீர்.

"ஐசே. இஞ்சை வாரும். வேம்பு."

நான் வந்து பார்த்தேன். வேம்பு மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு காம்பும் என் கை நீளம்.

"கொஞ்சம் பெரிசாக் கிடக்குது" என்றேன்.

"குளிருக்குப் பெருத்திருக்கும். நீர் இஞ்சை வந்த பிறகு பெருக்கேல்லையோ?"

என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது? நீர் கீழே கிடந்த ஓர் இலையை எடுத்து வாயில் வைத்துக் கடித்தீர். முகம் கோணியது. "கைக்குது" என்றீர். கைப்பு என்றால் அப்படி ஒரு சந்தோசம் உமக்கு. பிறகு குசினிச் சீலையில் கிழித்த ஒரு துண்டைப் பையிலிருந்து எடுத்தீர். மஞ்சள் பூசிக் காயவைத்த துண்டு. அதை நீர் எத்தனை நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தீரோ தெரியாது. கட்டுவதற்கு ஒரு மரம் அகப்படாமல்தான் இருந்திருக்கிறது. ஒரு கிளையில், மரத்துக்கு நோகாதபடி தளர்த்திக் கட்டினீர். தம்பியின் பெயரைச் சொன்னீர். அவனுடைய பெயரை உம்முடைய வாயால் நான் கேட்டது அப்போதுதான். தகவல் வந்தால் இந்த மரத்தடியில் பொங்கிப் படைப்பதாக நேர்ந்தீர்.

"இஞ்சை நெருப்பு மூட்டினால் பொலிஸ் வரும்" என்றேன்.

"தகவல் வரட்டும். பொலிசுக்கும் ஒரு வாழையிலை போடுவம்."

நீர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நான் என் கையிலிருந்த இலையைத் திருப்பிப் பார்த்தேன். வேப்பிலையின் ஓரம் வாள் பல்லுப் போல இருக்கும். விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவனுக்கும் அது தெரியும், எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற மரம். இந்த இலைக்குப் பல் இல்லை. ஓரம் மொழுமொழுவென்று இருந்தது. நீர் கண்ணைத் திறந்தபோது இலையைக் கீழே போட்டுவிட்டு நானும் கும்பிட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலமும் அங்கே போனோம். மழையில் நனைந்து வெளிறிய துணியை அவிழ்த்து, புதுசு கட்டுவீர். நடுவில் நாங்கள் கொஞ்சம் மரமும் படித்துவிட்டோம். கருவாலி என்கிற ஓக் மரத்துக் கொட்டை பொறுக்கி வந்து குசினியில் மற்றவர்களுக்குக் காட்டுவீர். வெள்ளைத் தாடி போல் புதர் முழுவதும் படர்ந்து கிடக்கும் கொடியைக் கண்டால் "முதலாளியின்ரை தகப்பன்" என்பீர். இளஞ்சிவப்புக் கோதுக்குள் செம்மஞ்சள் விதை வைத்திருக்கும் ஒரு சின்ன மரம் குளத்துக்குப் பக்கத்தில் நின்றது. அந்த நிறச் சேர்க்கையில் ஒரு சேலை எடுத்தால் எங்கள் பெண்கள் விடமாட்டார்கள் என்பீர். ஆனால் திரும்பும்போது உம்முடைய கண் வேலி ஓரத்துக்குத்தான் போகும். தகவல் வரவில்லை. நீர் "வரேல்லை" என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லாத இடம் அது ஒன்றுதான். மரம் கேட்கவில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயதான வருடம் வழிகாட்டி அந்த மரத்தடியில் கூட்டத்தை நிறுத்தினாள். உமக்குப் பிரெஞ்சு அவ்வளவாக ஓடாது, எனக்குக் குசினிப் பிரெஞ்சு. ஆனாலும் அன்றைக்கு அவள் சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியது, விளங்கத் தேவையில்லாத நேரத்தில் பார்த்து. இந்த மரம் சீனாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதாம். வேரில் ஒரு நஞ்சு விட்டுப் பக்கத்தில் வேறொன்றையும் வளர விடாதாம். அதனால் கார்த்திகையில் எல்லாவற்றையும் பிடுங்கப் போகிறார்களாம். பிறகு உம்முடைய மஞ்சள் துணியைச் சுட்டி, இதை யார் கட்டியது என்று கேட்டாள். நான் குனிந்து இலை பொறுக்கினேன்.

நீர் என் தோளைத் தட்டினீர். "என்னவாம்?"

"வெளிநாட்டிலையிருந்து வந்த மரமாம்" என்றேன். "இஞ்சை நல்லா வேர் பிடிச்சிட்டுதாம்."

"அதுதானே. எங்கையிருந்து வந்தது எண்டு எங்களுக்குத் தெரியாதோ?" என்று பெருமையாகச் சொன்னீர்.

மகள் என்னைப் பார்த்தாள். "அவ அப்படிச் சொல்லவில்லையே" என்று பிரெஞ்சில் தொடங்கினாள். நான் ஒரு முறைப்பு முறைத்தேன். வாழ்க்கையில் பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாது என்று படிப்பித்தவன், பொய்யைக் காப்பாற்றச் சொல்லிக் கண்ணால் கட்டளை போட்டேன்.

கூட்டம் குளத்தடிக்குப் போனபோது நான் பின்னால் தங்கி வழிகாட்டியைப் பிடித்தேன். "மடாம், அந்த மரம்... என் நண்பன்... அவன் தம்பி..." அதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. அவள் யோசித்துவிட்டு, "உங்கள் நண்பரின் தம்பி நட்ட மரமா?" என்று கேட்டாள். காணாமல்போனவன் என்பதையும் நேர்த்தி என்பதையும் குசினிப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? "ஓம்" என்றேன், பிரெஞ்சில்தான். அவள் திரும்பி உம்மைப் பார்த்தாள். நீர் குளத்தடியில் நின்று மகளுக்கு ஏதோ இலையைக் காட்டிக்கொண்டிருந்தீர். பிறகு மரத்தைப் பார்த்தாள். மரத்துக்குப் பின்னால், மூன்றடி தள்ளி, வேலி நின்றது.

"இந்த மரம் வேலிக்கு வெளியே நிற்கிறது" என்றாள். "ரயில்காரர்களுடையது. எனக்கு அதில் வேலையில்லை."

கார்த்திகையில் மற்றவை எல்லாம் போயின. உம்முடைய மரம் மட்டும், வேலிக்கு உள்ளே நின்றபடி, வெளியே நின்றது.

அதன் பிறகு நான் பட்ட பாடு உமக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். லாச்சப்பலில் ஒரு நாள், நீர் மறுபடி அந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடைக்குள் போனோம். கோயில் திருவிழாவுக்கென்று விமானத்தில் வந்த அசல் வேப்பிலை, வாசலிலேயே கட்டுக்கட்டாய்க் கிடந்தது. இலை விரல் நீளம், ஓரமெல்லாம் பல். நீர் கண்டால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவீர் என்று நான் பெட்டிக்கு முன்னால் போய் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன். என்னிடம் மறைக்க உடம்பு இருந்தது. கடைக்காரப் பொடியன் பகிடியாக, "என்னண்ணை, வேப்பிலைக்குக் காவலோ? உருக்கொண்டுட்டியளோ?" என்றான். நீர் என்னை மெதுவாக விலக்கி, ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தீர். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தீர். கண்ணில் ஒற்றிவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்தீர்.

"ஒரு கட்டுத் தரட்டோ அண்ணை?"

"வேண்டாம் தம்பி. எனக்கு மரம் நிக்குது."

ஒரு கிலோ முருங்கைக்காயைத் தேவையில்லாமல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகு உம்முடைய சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கிடக்கத் தொடங்கினீர். கடைசியாக வந்த இலையுதிர் காலத்தில் வாசலிலிருந்து மரம் வரைக்கும்தான் உம்மால் நடக்க முடிந்தது. துணியை நான் கட்டப் போனேன், நீர் விடவில்லை. மரத்தில் சாய்ந்துகொண்டு நீரே முடிச்சுப் போட்டீர். அடுத்த மாசி மாதம் நீர் போய்விட்டீர். தகவல் வராமலேயே போனீர். அதற்குப் பிறகு வருடத்துக்கு வருடம் நான் கட்டுகிறேன். என் முடிச்சு உம்முடையதைப்போல நிற்பதில்லை. ஒரு வருடம் காற்றில் பறந்து முள்ளுப்புதரில் போய் விழுந்தது, எடுக்கப் போய்க் காற்சட்டை கிழிந்தது.

அந்த மடாம் ஓய்வுபெற்றுவிட்டாள். இப்போது வழிகாட்டுபவன் இளைஞன், நல்ல பிள்ளை. அவனுக்கு மரம் வேலிக்கு உள்ளேதான் நிற்கிறது. நான் கும்பிட்டு மானம்போன அன்று அவன் சொன்னது இதுதான்: உள்ளே மிச்சமிருக்கும் கடைசி மரம், இந்தக் கார்த்திகையில் எடுத்துவிடுவோம்.

அன்றே ரயிலில் திரும்பினோம். மகள் எனக்கு எதிரே இருந்தாள். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள், நான் கேட்காமலே இந்த நடைகளுக்கு என்னோடு வருகிறாள். கும்பிட்டதற்குத்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். தமிழில் தொடங்கினாள். அவள் தமிழில் தொடங்கினால் ஏதோ பெரிய விசயம்.

"அப்பா, மாமாவுக்குத் தெரியும்." உம்மைத்தான் சொன்னாள்.

"என்ன தெரியும்?"

"அது வேம்பு இல்லையெண்டு. மடாம் சொன்ன அண்டைக்கே தெரியும். ரயிலிலை என்னட்டைக் கேட்டவர். நான் எல்லாம் சொல்லிப்போட்டன். நீங்கள் நித்திரை."

நான் நித்திரையாம். வாயைப் பிளந்துகொண்டு, குறட்டையோடு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நீர் கேட்டிருக்கிறீர், "மடாம் உண்மையா என்ன பிள்ளை சொன்னவ?" என்று. அவள் சீனா, நஞ்சு, கார்த்திகை, எல்லாம் ஒப்புவித்திருக்கிறாள். நீர் என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தீராம். பிறகு, "அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. மனுசன் கஷ்டப்பட்டு ஒரு பொய் சொல்லியிருக்கு" என்றீராம்.

"அப்ப ஏன் மாமா அதைக் கும்பிடுறீங்கள் எண்டு கேட்டனான்" என்றாள் மகள். "நான் மரத்தையோ கேட்டனான், தம்பியைத்தானே கேட்டனான் எண்டார். பேந்து, இனி வேறை மரம் தேட ஏலாது, எனக்கு இந்த ரயில் பாதை மட்டுந்தான் மனப்பாடம் எண்டு சிரிச்சார்."

ஐசே, எத்தனை வருடம்! எனக்காக நீர் ஒரு வேம்பை வைத்திருந்தீர், உமக்காக நான் ஒன்றை வைத்திருந்தேன். நடுவில் ஒரு சின்னப் பிள்ளை இரண்டு பேருடைய இரகசியத்தையும் வைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் நடந்திருக்கிறாள். அந்தக் கடையில் நான் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு காவல் நின்றதை நினைத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் என்னை விலக்கி, அசல் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். "எனக்கு மரம் நிக்குது" என்றீர். ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மகள் இரண்டாம் தரம் "பப்பா!" என்றாள்.

போன ஞாயிறு இந்த வருடத்துக் கடைசி நடை. மரம் எடுக்கும் நாளும் அதுதான். விரும்பியவர்கள் உதவலாம் என்றார்கள். நான் ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனேன், இப்போது எனக்கும் இருக்கிறது. மகளும் வந்தாள். அவர்கள் மரம் அறுக்கும் வாளை வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, துணியை அவிழ்த்தேன். அதுவரை நிற்காத என் முடிச்சு அன்றைக்குப் பார்த்து இறுகிப்போய்க் கிடந்தது. மகள்தான் நகத்தால் நெம்பித் தந்தாள். மரம் விழ அதிக நேரம் எடுக்கவில்லை. மென்மையான மரமாம், உள்ளே நெட்டிதானாம். ஆனால் இளைஞன் சலித்துக்கொண்டான், இதை வெட்டினால் வேரிலிருந்து பத்து முளைக்கும், ஒவ்வொரு வருடமும் வரவேண்டும் என்று. நீர் கேட்டிருக்க வேண்டும். ரயிலில் வரும்போது பார்த்தேன், கார் து நோர் நெருங்க நெருங்கப் பாதையின் இரண்டு கரையிலும், கல்லிடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் அதேதான் நிற்கிறது. இத்தனை வருடமும் அதற்குள்ளால்தான் வேலைக்குப் போய்வந்திருக்கிறோம்.

துணி இப்போது என் மேற்சட்டைப் பைக்குள் இருக்கிறது. நீர் முன்பு வைத்துக்கொண்டு திரிந்ததுபோல. நேர்த்தி இன்னும் முடியவில்லை. அவனுடைய பெயரை நான் மறக்கவில்லை.

இன்னொன்று. விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் நின்று நான் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அந்த இளைஞன் வந்தான். நான் கும்பிட்டது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. வாளைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையோடு, "மிசியூ, உங்கள் நாட்டில் இந்த மரத்தை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டான். மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கள் நாட்டில் இந்த மரம் இல்லை" என்றேன். படித்த மனிதன்போல, பிழையில்லாத பிரெஞ்சில்.

வேம்பு என்று சொல்லவில்லை.